ஐந்து நொடிச் சராசரி

"நான் இழுக்கல. பக்கவாட்டுல வெடுக்குனு இழுத்தா எனக்கே தெரியாதா, இத்தனை வருஷமா அந்தக் கூண்டுல உக்காந்து—"

"இழுத்தீங்கன்னு யாரு சொன்னா? நான் சொல்ல வர்றதைக் கொஞ்சம் காது குடுத்து—"

"உன் கோடு சொல்லுதே. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஒரு கோடு. அதை மேசை மேல விரிச்சு வச்சிட்டுக் கேக்குறாங்க, பிரேக் நழுவுச்சுங்கிறியே, இதுல எங்கப்பா நழுவியிருக்குன்னு."

"என் கோடு என் கோடுன்னு சொல்லாதீங்க. கோடு கம்பெனியோடது."

"அளக்குறது யாரு?"

"அளக்குறது கொக்கிக்கு மேல இருக்குற கட்டி. அது ஒழுங்கா அளக்குதான்னு பாக்குறவ நான்."

"அப்ப அது ஒழுங்கா அளக்கல."

"அளந்துச்சு. வச்சுக்கல."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்லங்க. அதைத்தான் வந்ததுலேர்ந்து சொல்ல வர்றேன், நீங்க எங்க விடுறீங்க—"

அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்து நெருப்பை அணைத்தது. அதைக் கிண்டிக்கொண்டிருக்க வேண்டியவர் யார் என்று இவ்வளவு நேரப் பேச்சில் முடிவாகியிருக்கவில்லை. அவன் வெறுங்கையால் மூடியைத் தூக்கி, சுட்டுக்கொண்டு, கீழே போட்டான். அவள் துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

அவன் இரும்பு வார்க்கும் ஆலையில் கிரேன் ஓட்டுகிறவன். அவள் அதே ஆலையின் மறுகோடியில், அளவு அறையில் வேலை பார்க்கிறவள். ஆலையில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. மைக்ரான் அக்கா என்றால்தான் தெரியும். தலைமுடியைவிட மெல்லிசான வித்தியாசத்துக்கெல்லாம் ஒரு சாமானைத் திருப்பி அனுப்புகிறவள் என்பதால் வந்த பெயர். அவள் அறையில் வெயிலானாலும் குளிரானாலும் ஒரே குளிர்ச்சி. சூடு ஏறினால் இரும்பு நீளும், அளவு பொய்யாகும். அவள் அங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவனோ தகரக் கூரைக்கு ஒரு முழம் கீழே, உருக்கு உலையின் அனல் மேலேறி வரும் கூண்டில் வெந்துகொண்டிருப்பான். வீட்டுக்கு வந்தால் அவனுக்கு மின்விசிறி வேண்டும், அவளுக்கு வேண்டாம். ஊரில் மற்றவர்கள் எதற்கெதற்கோ சண்டை போட, இவர்கள் அந்த ஒரு சுவிட்சுக்காகப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். போன வாரம் வரைக்கும்.

போன வாரம், கூரை வறுபட்டுக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், அவன் ஒரு பெரிய இரும்பு அச்சை இறக்கிக்கொண்டிருந்தான். அது தரைக்கு இடுப்பளவு மேலே வந்தபோது மேலே பிரேக் பிடி விட்டது. அச்சு ஒரு சாண் விழுந்தது. உடனே பிரேக் கவ்விக்கொண்டது. அந்த உலுக்கலில் ஒரு பக்கச் சங்கிலி கொக்கியைவிட்டு நழுவ, அச்சு சாய்ந்து அதன் மூலை கீழே நின்றவனின் வலது பாதத்தில் இறங்கியது. பூட்ஸில் விரல்களுக்கு இரும்புக் கவசம் உண்டு. மூலை இறங்கியது கவசம் முடிகிற இடத்துக்குப் பின்னால். கீழே நின்று சங்கிலி மாட்டி, கைகாட்டி இறக்கச் சொன்னவன் அன்னியன் இல்லை. கிரேன்காரனின் தங்கை புருஷன். அந்த வேலைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்ததே கிரேன்காரன்தான்.

பிரேக் நழுவியது என்றான் கிரேன்காரன். ஏற்கெனவே இரண்டு முறை நழுவியது, சொன்னேன் என்றான். நிர்வாகம் கோட்டை எடுத்துக் காட்டியது. கொக்கியில் தொங்கும் எடையை, கொக்கிக்கு மேலிருக்கும் அந்த லோடு செல் கட்டி இடைவிடாமல் அளந்து பதிந்துகொண்டே இருக்கும். பாரம் விழுந்து பிடிபட்டிருந்தால் கோடு ஒரு குழி விழுந்து, ஒரு முள்ளாக எழுந்திருக்க வேண்டும். குழியும் இல்லை, முள்ளும் இல்லை. ஆகவே பிரேக் நழுவவில்லை. பிரேக் நழுவாமல் அச்சு ஏன் சாய்ந்தது? பக்கவாட்டில் வெடுக்கென்று இழுத்தால் சாயும். எடை மாறாது, கோட்டிலும் தெரியாது. ஆகவே இழுத்தது கிரேன்காரன். விசாரணை நாளைக்கு. அதில் ஒன்று பிரேக் நழுவியது என்று எழுதப்படும், இல்லை இவன் இழுத்தான் என்று எழுதப்படும்.

"இப்ப சொல்லு," என்றான், சுட்ட விரலைத் தண்ணீரில் வைத்தபடி. "அளந்துச்சு, வச்சுக்கலன்னா என்ன அர்த்தம்?"

"கூண்டுல உங்க முன்னாடி எண்ணு காட்டுற பெட்டி இருக்குல்ல. அது முன்னாடி எப்படி இருக்கும்?"

"முன்னாடின்னா?"

"போன வருஷத்துக்கு முன்னாடி."

"ஐயோ, அது கொரங்கு மாதிரி குதிச்சுக்கிட்டே இருக்கும். என்ன எடைன்னு படிக்கிறதுக்குள்ள மாறிடும். அப்புறம்தான் நீ..."

நிறுத்தினான்.

"சொல்லுங்க. அப்புறம் நான்?"

"அப்புறம் நீ ஏதோ பண்ணி நிக்க வச்ச."

"யாரு நிக்க வைக்கச் சொன்னது? இதே எடத்துல உக்காந்துக்கிட்டு, கண்ணு வலிக்குது, தலை சுத்துது, பொண்டாட்டி அளவு அறையில இருந்து என்ன பிரயோஜனம், அந்தக் கொரங்கைக் கொஞ்சம் கட்டிப்போடக் கூடாதான்னு யாரு கேட்டது?"

"எல்லாரும்தான் கேட்டாங்க."

"எல்லாரும் கேட்டாங்க. மூணு ஷிப்டு கிரேன்காரங்களும் கேட்டாங்க. கட்டிப்போட்டதும் டீ வாங்கிக் குடுத்தாங்க. எப்படிக் கட்டினேன்? அஞ்சு நொடிக்கு வர்ற எல்லா எண்ணையும் கூட்டி வகுத்து, ஒரே ஒரு எண்ணா காட்டுன்னு வச்சேன். சராசரி. அதான் குதிக்காம நிக்குது."

"அது காட்டுற பெட்டிதானே? பதியுறது வேற பெட்டிதானே?"

அவள் பாத்திரத்தின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேற பெட்டிதானே?"

"பெட்டி வேற. ஆனா முதல் பெட்டி என்ன காட்டுதோ அதைத்தான் ரெண்டாவது பெட்டி எழுதிக்கும். தனியா எழுதணும்னா நடுவுல இன்னொரு சர்க்யூட் அட்டை வாங்கிப் போடணும். அப்பவே போய்ச் சொன்னேன். பாத்துக்கலாம்னாரு."

ஆலையின் மேனேஜருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயரே பாத்துக்கலாம். கழிப்பறைக் கதவு உடைந்தாலும் பாத்துக்கலாம், உலைப் பக்கம் காற்றாடி நின்றாலும் பாத்துக்கலாம். பிரேக் நழுவுது சார் என்று கிரேன்காரன் போய் நின்றபோதும் அதேதான் கிடைத்தது.

"நழுவிப் பிடிச்சது எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"நேரமா? கண்ணு சிமிட்டுற நேரம்."

"அதான். அஞ்சு நொடியில கண்ணு சிமிட்டுற நேரம் பாரம் கொறஞ்சுது, அடுத்த சிமிட்டுல ஏறுச்சு. கூட்டி வகுத்தா பழைய எடையேதான் வரும். குழியும் முள்ளும் ஒண்ணை ஒண்ணு தின்னுடுச்சு. கோடு இஸ்திரி போட்ட மாதிரிதான் இருக்கும்."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். சிரிப்பு வந்தது அவனுக்கு, வயிற்றுவலிக்காரன் சிரிப்பதுபோல.

"நானே கேட்டு வாங்கியிருக்கேன்."

"நீங்க கேட்டீங்க. போட்டது நான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல, பதிவும் இப்படித்தான்னு?"

"நீங்க எங்கிட்ட கோட்டைப் பத்தி எப்பக் கேட்டீங்க? எண்ணு நின்னுச்சா, அதோட சரி. எனக்கும் பிடிச்சிருந்துச்சு. கோடு சுத்தமா இருந்துச்சு. பாக்க வர்றவங்களுக்கெல்லாம் பாத்துக்கலாம் அதைத்தான் காட்டுவாரு, எங்க கிரேன் எவ்வளவு சீரா ஓடுது பாருங்கன்னு. பல்லைக் காட்டிக்கிட்டு நானும் பக்கத்துல நின்னேன்."

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. தங்கை வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வருகிறாள் என்பது அவள் மேலிருந்த மருந்து வாசனையிலேயே தெரிந்தது. கையில் காலி தூக்குப் பாத்திரம். மேசைமேல் வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே கஞ்சியை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு நின்றபடியே குடித்தாள்.

"உக்காந்து குடி பாப்பா," என்றான் அண்ணன்.

"உக்காந்தா எந்திரிக்க மாட்டேன் அண்ணா. இடுப்பு விட்டுப்போச்சு."

"மாப்பிள்ள எப்படி இருக்காரு?"

"வலிக்குதுன்னு கத்துறாரு. கத்துற வரைக்கும் நல்லதாம், டாக்டர் சொல்றாரு. விரலு நிக்குமா எடுக்கணுமான்னு நாளைக்குத்தான் தெரியும்." ஒரு வாய் குடித்தாள். "உங்க கம்பெனிக்காரங்க ரெண்டு பேரு வந்தாங்க. ஒரு பை நிறைய ஆரஞ்சு. அம்மா, இதுல கம்பெனி தப்பு எதுவும் இல்ல, உங்க அண்ணன்தான் கொஞ்சம் கவனக்குறைவா இழுத்துட்டாரு, சொந்தக்காரரு, நீங்க மன்னிச்சிடுவீங்கன்னு நினைக்கிறோம்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பழத்தைத் திருப்பிக் குடுத்தேன். எங்க அண்ணன் சைக்கிள்ல போகும்போது எதிர்ல எருமை வந்தாலே இறங்கி நின்னு வழி விடுற ஆளு, அவரு வெடுக்குனு இழுத்தாருன்னு என் புள்ளைகிட்டப் போய்ச் சொன்னாக்கூட அது சிரிக்கும்னேன். அந்தாளு முகத்தை நீங்க பாத்திருக்கணும் அண்ணி. ஆரஞ்சையும் விட முடியல, கீழ வைக்கவும் முடியல."

கிரேன்காரன் தலையைக் குனிந்துகொண்டான். மைக்ரான் மாத்திரம் நாத்தனாரையே பார்த்தாள்.

"நாளைக்கு விசாரணைக்கு நானும் வர்றேன்," என்றாள் தங்கை. "அடிபட்டவங்க வீட்டுலேர்ந்து ஒருத்தர் உக்காரலாமாம். அண்ணி, அளக்குற மெஷினுக்கெல்லாம் நீங்கதானே. நீங்க எடுத்துச் சொன்னா கேப்பாங்கல்ல?"

"சொல்றேன்."

"கேப்பாங்களான்னு கேட்டேன்."

"சொல்றேன்னு சொன்னேன்ல."

மறுநாள் காலை காற்றே இல்லை. ஆலை வாசல் மரத்தில் ஒரு இலை அசையவில்லை. மைக்ரான் அளவு அறைக்குள் போய் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, வெள்ளைக் கையுறை போட்டு, எஃகு அளவுக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தோல்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கைச்சூடு பட்டாலே அளவு மாறிவிடும் கட்டைகள். அன்று அவற்றைத் துடைக்க வேண்டிய அவசியமில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

கதவைத் திறந்து பாத்துக்கலாம் உள்ளே வந்தார். கதவை மூடவில்லை.

"கதவை மூடுங்க சார். சூடு வருது."

மூடினார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"ஒரே கேள்விதாம்மா கேப்பாங்க. எடை அளக்குற கருவி சரியா இருந்துச்சா இல்லையா? சரியா இருந்துச்சுதானே?"

"இருந்துச்சு. போன மாசம்தான் நானே எடைக்கல்லு தொங்கவிட்டுப் பாத்தேன்."

"அவ்வளவுதான். ஆமான்னு சொல்லிட்டு வந்துடு. அது உண்மைதானே? உன்னைப் பொய்யா சொல்லச் சொல்றேன்?"

"கேக்காததைச் சொல்லாதேன்னு சொல்றீங்க."

"கேக்காததை யாராவது சொல்வாங்களா?"

அவள் கையிலிருந்த கட்டையைப் பெட்டியில் அதன் குழியில் வைத்தாள்.

"சார், பிரேக் நல்லா இருந்துச்சுன்னு சொல்றீங்க. அப்ப அடிபட்ட மறுநாளே பிரேக் பட்டையை ஏன் மாத்தினீங்க?"

"அது வழக்கமான பராமரிப்பு."

"எங்க வீட்டுக்காரர் வந்து கேட்டப்ப வராத வழக்கம், அன்னைக்கு எப்படி வந்துச்சு?"

"இந்தா பாரு—"

"பழைய பட்டை எங்க சார்? குடுங்க. எவ்வளவு தேஞ்சிருக்குன்னு இப்பவே அளந்து சொல்றேன். நான் சொல்ல வேண்டாம், வேற யாரை வேணா அளக்கச் சொல்லுங்க."

"பழைய இரும்போட வண்டியில ஏத்திவிட்டாச்சு. யாரு அதையெல்லாம் பொத்தி வச்சுக்கிட்டு இருப்பாங்க?" அவர் குரலைத் தணித்துக்கொண்டார். அக்கறைபோலவே இருந்தது. "நல்லதுக்குத்தான் சொல்றேன். எழுத்துல அனுமதி வாங்காம பாதுகாப்புப் பதிவுல கையை வச்சிருக்க. அது வெளிய வந்தா உன் வேலை அன்னைக்கே போச்சு. போலீஸ்கிட்ட போனாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாது. அவருக்கு என்ன ஆகப்போகுது? கொஞ்ச நாளைக்குக் கூண்டுலேர்ந்து கீழ இறக்குவாங்க. முற்றத்துல ஏதாவது வேலை குடுப்போம். ஒருத்தர் கீழ இறங்குறதா, ரெண்டு பேரும் வெளிய போறதா, யோசிச்சுக்கோ."

"உங்ககிட்ட வந்து சொன்னேனே சார். அட்டை வாங்கணும், இல்லன்னா பதிவு மழுங்கிடும்னு."

"எப்பச் சொன்ன?"

"பாத்துக்கலாம்னீங்க."

"பாத்துக்கலாம்னுதான் நான் எல்லாத்துக்கும் சொல்வேன்," என்றார் அவர். அதில் அவருக்கு வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

விசாரணை அறைக்கு வெளியே நீளமான பெஞ்சில் கிரேன்காரன் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்து, நல்ல சட்டை போட்டிருந்தான். தங்கை அந்தப் பக்கம் தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மைக்ரான் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நாத்தனாருக்குக் கேட்காதபடி, பாத்துக்கலாம் சொன்னதையெல்லாம் சொன்னாள். கூண்டு, முற்றம், போலீஸ், எல்லாம்.

"வேலை போயிடுமா உனக்கு?"

"போனாப் போகுது. நான் சொல்லத்தான் போறேன்."

"போலீஸுன்னாரா?"

"மிரட்டுறாரு. விடுங்க. செஞ்சது நான்தான்னு சொல்லிட்டா அப்புறம் அந்தக் கோட்டை வச்சு உங்களை எப்படிப் பிடிப்பாங்க?"

அவன் தங்கையை ஒரு முறை பார்த்தான். தூக்கின் மூடியை அவள் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"சொல்லு," என்றான்.

அறையில் நீள மேசை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி நடுவில். நரைத்த தலை, மரியாதையான குரல், எல்லாரையும் நீங்க வாங்க என்றுதான் பேசினார். ஒரு பக்கம் பாத்துக்கலாம். மறுபக்கம் கிரேன் செய்து கொடுத்த கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர். கைபேசியை மேசைக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்த் திரையில் கோடு. மேடு இல்லை, பள்ளம் இல்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அதே கிரேன் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கூண்டில் வேறு யாரையோ ஏற்றியிருந்தார்கள்.

அதிகாரி கேட்டார். "எடை அளக்கும் கருவி சரியாக இருந்ததா அம்மா?"

"இருந்துச்சு சார்."

பாத்துக்கலாம் நாற்காலியில் சாய்ந்தார்.

"ஆனா அந்தக் கோடு சரியில்ல சார்."

"புரியலையே. கருவி சரி, கோடு தப்பா?"

"கருவி அளக்குறது ஒண்ணு, கோடு காட்டுறது ஒண்ணு. அஞ்சு பேரு ஒரு ரூம்ல இருக்காங்கன்னு வச்சுக்குங்க. ஒருத்தருக்கு நூத்தி நாலு காய்ச்சல். அஞ்சு பேரு சூட்டையும் கூட்டி அஞ்சால வகுத்தீங்கன்னா என்ன வரும்? எல்லாருக்கும் லேசா உடம்பு கதகதன்னு இருக்கு, பயப்பட ஒண்ணுமில்லன்னு வரும். கணக்குல தப்பே இருக்காது. காய்ச்சல்காரன் அந்தப் பக்கம் பிதற்றிக்கிட்டுக் கிடப்பான். இந்தக் கோடு அப்படிப்பட்டது. அஞ்சு நொடிக்கு ஒரு சராசரி. பிரேக் விட்டது கண்ணு சிமிட்டுற நேரம். அது இதுல தெரியாது."

அதிகாரி சர்வீஸ் இன்ஜினியர் பக்கம் திரும்பினார். அவர் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"அப்படி ஒரு வசதி அமைப்புல இருக்கு சார்."

"அப்படி வைத்திருந்தால் நழுவியது தெரியாதா?"

"தெரியாமலும் போகலாம். தெரிஞ்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு."

"எது?"

"ரெண்டுமே சாத்தியம்தான் சார்."

"இது ஒரு பதிலா?" என்றாள் மைக்ரான். "நீங்கதானே இந்தப் பெட்டியைச் செஞ்சு குடுத்தீங்க? இப்ப வாங்க, சராசரியை எடுத்துட்டு, அதே அச்சைத் தூக்கி, ஒரு சாண் விட்டுப் பிடிங்க. அப்புறம் மறுபடி சராசரியைப் போட்டு அதையே பண்ணுங்க. ரெண்டு கோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துடலாம். டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது."

"பிரேக் இப்போ புதுசு," என்றார் பாத்துக்கலாம். "அந்த நிலைமையைத் திரும்ப உண்டாக்க முடியாது."

"புதுசு பண்ணது யாரு?"

"அம்மா," என்றார் அதிகாரி, அதே மரியாதையோடு. "இந்தச் சராசரியை வைத்தது யார்?"

"நான்."

"யார் சொல்லி?"

அவள் கணவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவே பதிலாகிவிடும். "எண்ணு படிக்க முடியலன்னாங்க. நான் வச்சேன். மேனேஜர் சார்கிட்ட போய்ச் சொன்னேன்."

"எனக்குத் தெரியாது," என்றார் பாத்துக்கலாம். "எழுத்துல எதுவும் வரல."

"அப்படியானால் அனுமதியில்லாமல் பாதுகாப்புப் பதிவு மாற்றப்பட்டிருக்கிறது," என்று அதிகாரி மெதுவாகச் சொன்னார். "இது தனி விஷயம். இன்னும் பெரிய விஷயம். இதை நான் அப்படியே விட முடியாது. காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டி வரும். உங்களுக்கு அது புரிகிறதா?"

"புரியுது சார். அதையும் எழுதுங்க. பிரேக் நழுவினதையும் எழுதுங்க."

"பிரேக் நழுவல சார்."

சொன்னவன் கிரேன்காரன். எழுந்து நின்றிருந்தான்.

"இந்தம்மா என்னைக் காப்பாத்தப் பேசுது. சராசரியுமில்ல, ஒண்ணுமில்ல. நான்தான் இழுத்தேன். சூடு தாங்கல, சீக்கிரம் முடிச்சிட்டு இறங்கலாம்னு பக்கவாட்டுல வெடுக்குனு இழுத்துட்டேன். பயத்துல பிரேக்குன்னு சொல்லிட்டேன்."

அறையில் ஒரு இறுக்கம் விட்டுப்போனது. சர்வீஸ் இன்ஜினியர் மூச்சு விட்டார். பாத்துக்கலாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அத்தனை படித்தவர்களுக்கும் எந்தக் கோடு எப்படி வந்தது என்று இதற்குள் நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்ததை எழுத வேண்டிய தொல்லையிலிருந்து ஒருவன் அவர்களை விடுவித்திருந்தான். அவன்மேல் அவர்களுக்கு உண்மையாகவே நன்றி இருந்தது.

"பொய் சார்," என்றாள் மைக்ரான். "இவரு சொல்றது பொய். எனக்கு வேலை போயிடுமேன்னு இப்படிச் சொல்றாரு."

"உட்காருங்கம்மா."

"உக்கார மாட்டேன். நான் அளக்குறவ. எனக்குத் தெரியும். கேட்டா உங்களுக்கும் தெரியும்."

"கணவர்மேல் இருக்கும் பாசம் புரிகிறது," என்றார் அதிகாரி. "யாராக இருந்தாலும் இப்படித்தான் பேசுவார்கள். அவரே ஒத்துக்கொண்ட பிறகு நாம் என்ன செய்ய முடியும்? பதிவும் அவர் சொல்வதும் ஒத்துப்போகிறது. நீங்கள் சராசரி என்று சொன்னதை ஒரு மனைவியின் பதற்றமாக எடுத்துக்கொள்கிறேன். அது உங்களுக்கும் நல்லதுதான்."

இத்தனை வருஷம் மயிரிழை பிசகாமல் அளந்து சொன்னவளின் வார்த்தை, அரை நிமிஷத்தில் ஒரு பெண்டாட்டியின் புலம்பலாகிவிட்டது. அதைச் செய்தவர் குரலை உயர்த்தவும் இல்லை.

தங்கை எழுந்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்க முயன்றான். முகம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. ஏதாவது கேட்பாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"நான் வர்றேன் அண்ணி," என்றாள். அண்ணியிடம் மட்டும். தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கதவு தானாகவே மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அவர்கள் காட்டிய இடத்திலெல்லாம் அவன் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வராந்தாவில் வெயில் நேரே இறங்கிக்கொண்டிருந்தது. அவன் சுவரோரம் நிழல் தேடி நின்றான். அவள் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை, வியர்த்துக்கொண்டிருந்தது.

"ஏன் பேச மாட்டேங்குற?" என்றான்.

அவள் இன்னும் கழற்றாத வெள்ளைக் கையுறையால் நெற்றியைத் துடைத்தாள்.

"வேற என்ன பண்ணச் சொல்ற? உன்னையும் போலீஸ்ல உக்கார வச்சிட்டு, நானும் வெளிய நின்னா? மாப்பிள்ள எப்ப எந்திரிக்கிறது, எப்ப வேலைக்குப் போறது? ரெண்டு வீட்டுக்கும் ஒருத்தராவது உள்ள இருக்கணும். நான் கீழ இறங்கினா என்ன? கீழயும் வேலைதான். கூண்டுச் சூடாவது இல்லாம இருக்கும்."

"பாப்பா நம்பிடுச்சு."

"போகப் போகச் சொல்லிக்கலாம்."

"என்னன்னு சொல்லுவீங்க? அங்க சொன்னது பொய், இப்ப சொல்றதுதான் நிஜம்னா?"

"அது என் தங்கச்சி. நான் பாத்துக்க..."

வாயில் வந்த சொல்லை அவன் பாதியில் விழுங்கினான். உள்ளே கிரேன் எதையோ தூக்கிக்கொண்டு நகர்ந்தது. சங்கிலி குலுங்கும் சத்தம். கீழே நின்று யாரோ கைகாட்டிக் கத்தினார்கள், இறக்கு, இறக்கு என்று.

"பிரேக் பட்டை புதுசுதான்," என்றான் அவன், சமாதானம்போல. "இப்போதைக்கு ஒண்ணும் ஆகாது."

"தேயும்."

"தேஞ்சா சொல்லுவாங்க."

"யாரு? சொன்னவரு நீங்க. சொன்னது பொய்யின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. இனிமே எவன் போய்ப் பிரேக் நழுவுதுன்னு சொன்னாலும் இதை எடுத்து மூஞ்சிக்கு நேரா நீட்டுவாங்க. அந்தக் கோட்டையும் நல்ல கோடுன்னு ஆக்கிட்டீங்க."

"உனக்காகத்தானே சொன்னேன்."

"எனக்காகத்தான். தெரியுது."

"அப்புறம் என்ன?"

அவள் கையுறைகளை உருவினாள். அவனைப் பார்த்தாள்.

"என் வேலையைக் காப்பாத்திக் குடுத்துட்டீங்க. சரி. நாளைக்குக் காலையில அந்த ரூம்ல போய் உக்காந்து நான் எதை அளக்கட்டும்? அதையும் நீங்களே சொல்லிடுங்க."